தலைகீழ் சம்பல்

கெலாங் பாத்தா
3 ஜூலை 2025

ஃபரீஹா அக்காவுக்கு,

அக்கான்னு போட்டுட்டேன். தங்கச்சியா இருந்தா மன்னிச்சுக்கோங்க.

நான் ரூபேந்திரன். கிட்டார் மாத்தற குரூப்ல உங்க போஸ்ட்டுக்குக் கீழ "அக்கா இது நிஜமா???"ன்னு கேள்விக்குறியா போட்டுத் தள்ளினவன் நான்தான். வாட்சப் நம்பர் கேட்டா ஈமெயில்தான்னு சொல்லிட்டீங்க. ஈமெயில் நான் வேலைக்கு அப்ளை பண்ணும்போது மட்டும்தான் தொறப்பேன். அதனால எப்படி ஆரம்பிக்கறதுன்னே தெரியல. வணக்கம்னு போட்டா லீவு லெட்டர் மாதிரி இருக்கு.

நேரா விஷயத்துக்கு வர்றேன். இடது கை கிட்டார்! ஜொகூர்ல! அதுவும் பொந்தியான்ல! அலமாக், நான் அந்த போட்டோவ பெருசு பண்ணிப் பண்ணிப் பாத்து ஃபோனே சூடாயிடுச்சு. ஜொகூர் பாருல எந்தக் கடைக்குப் போனாலும் சுவத்துல முப்பது நாப்பது கிட்டார் தொங்கும், எல்லாம் வலது கைக்காரங்களுக்கு. இடதுன்னு கேட்டா ஆர்டர் பண்ணணும் பாஸ்னு சொல்லிட்டு அடுத்த கஸ்டமர்கிட்ட போயிடுவாங்க.

நான் இடது கைல வாசிக்கறவன். என்கிட்ட இருக்கறது வலது கை கிட்டார். அதை அப்படியே தலைகீழாப் புரட்டிப் பிடிச்சு வாசிக்கறேன். கம்பியக்கூட மாத்தல. அதனால மேல இருக்க வேண்டிய தடிச்ச கம்பி என் கிட்டார்ல கீழ இருக்கும். வால்யூம் திருகற குமிழ் மேல வந்துடும், வேகமா அடிச்சா முழங்கை பட்டு சத்தம் தானாவே குறைஞ்சிடும். பாட்டு நல்லா சூடு பிடிக்கற இடத்துல ஆளு செத்த மாதிரி ஆயிடும் லா. இப்ப குமிழ் மேல டேப் ஒட்டி வச்சிருக்கேன்.

நீங்க வலது கை கிட்டார் வேணும்னு போட்டிருந்தீங்க. என்னோடது நல்ல சிவப்பு. பேரு சம்பல். மிளகா அரைச்சு நெத்திலி போட்டு வதக்கினா எண்ணெ மேல பிரிஞ்சு வருமே, அந்தக் கலர். போட்டோ சேத்திருக்கேன். பின்னாடி ஒரு கீறல் இருக்கு, அது பூனை.

மாத்திக்கலாமா? தயவுசெஞ்சு வேற யாருக்கும் குடுத்துடாதீங்க. குடுத்துட்டாலும் என்கிட்ட சொல்லாதீங்க.

ரூபேந்திரன்
(எல்லாரும் ரூபன்னுதான் கூப்பிடுவாங்க)


பொந்தியான்
5 ஜூலை 2025

ரூபேந்திரனுக்கு,

வணக்கம். எனக்கு இது லீவு லெட்டராகத் தெரியவில்லை, கவலைப்பட வேண்டாம். அக்கா என்பதும் சரிதான். உங்களைவிட ஆறேழு வயதாவது கூட இருக்கும் என்று நினைக்கிறேன்.

வாட்சப் ஏன் இல்லை என்றால், என் நம்பர்தான் எங்கள் கடையின் ஆர்டர் நம்பர். வாப்பாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனதிலிருந்து கடையைப் பார்த்துக்கொள்வது நான். "ரொட்டி சானாய் பத்து, கறி தனியா" என்று வந்துகொண்டே இருக்கும். அதற்கு நடுவில் கிட்டார் பற்றிப் பேசினால் ரொட்டி தப்பான வீட்டுக்குப் போகும்.

கிட்டார் நல்ல நிலையில் இருக்கிறது. சிங்கப்பூரில் வேலை பார்த்தபோது வாங்கியது. கருநீலம். கீறல் இல்லை, எங்கள் வீட்டில் பூனையும் இல்லை.

படத்தில் சம்பல் அழகாக இருக்கிறது. ஆனால் இரண்டு கேள்விகள். ஒன்று, கம்பியையே மாற்றாமல் இத்தனை காலம் வாசித்தவர் நீங்கள். என் கிட்டாரில் கம்பிகள் இடது கைக்கு உரிய முறையான வரிசையில் இருக்கின்றன. உங்கள் விரல்களுக்கு அது தெரியாத ஊர். யோசித்தீர்களா?

இரண்டாவது, பெயர் வைத்த பொருளை யாராவது கொடுப்பார்களா? என்னுடையதற்குப் பெயர் கிடையாது. அதனால் கேட்கிறேன்.

ஃபரீஹா


கெலாங் பாத்தா
6 ஜூலை 2025

ஃபரீஹா அக்கா,

நீங்க புக்கு மாதிரி எழுதறீங்க. படிக்கும்போது நேரா உக்காந்துக்கிட்டேன்.

முதல் கேள்வி: யோசிச்சேன். ரெண்டு வாரத்துல பிடிச்சுடலாம். நான் யார்கிட்டயும் கத்துக்கல அக்கா, எல்லாம் வீடியோ பாத்துதான். தலைகீழ்க் கம்பிலயே கத்துக்கிட்டவனுக்கு நேர்க் கம்பி கஷ்டமா? என் கம்பி தலைகீழா இருக்கறதால வீடியோல காட்டற மாதிரி விரல் வைக்க முடியாது. அதனால ஒவ்வொரு கோர்டுக்கும் எந்தக் கம்பிய எங்க அமுக்கறதுன்னு நானே ஒரு பிடி கண்டுபிடிச்சேன். பேரும் வச்சிருக்கேன். விரல் எல்லாம் குவிஞ்சு வர்றது "நாசி லெமாக்", இலைல சோத்துப் பொட்டலம் மடிக்கற மாதிரி இருக்கும். நீட்டி வைக்கறது "செகண்ட் லிங்க்", சிங்கப்பூர் பாலம் மாதிரி அவ்வளவு நீளம். வீடியோ அனுப்பறேன், சிரிக்காதீங்க.

ரெண்டாவது கேள்விக்கு பதில் நீளம்.

சம்பல் எங்க அம்மாவுக்குப் பரிசா விழுந்தது. அம்மா பேரு தனலெட்சுமி, ஃபேக்டரில லைன் லீடர். எனக்குப் பதிமூணு வயசு இருக்கும்போது அவங்க ஃபேக்டரி ஆண்டு டின்னர்ல லக்கி ட்ரா. அம்மா நம்பருக்கு எலெக்ட்ரிக் கிட்டார். பக்கத்துல இருந்த அங்கம்மா ஆன்ட்டிக்கு வாஷிங் மெஷின். எங்க வீட்டு மெஷின் அப்பத்தான் செத்துப் போயிருந்துச்சு, அம்மா வேலை முடிஞ்சு வந்து கையால தொவைச்சுக்கிட்டு இருந்தாங்க. ஆன்ட்டி வீட்டுல மெஷின் ஏற்கனவே இருக்கு, அவங்க மவனுக்குத்தான் கிட்டார் ஆசை. "தனா, மாத்திக்கலாமா?"ன்னு கேட்டிருக்காங்க. மேசைல இருந்த எல்லாரும், மாத்திக்க தனா, உனக்குத்தான் லாபம்னு சொல்லியிருக்காங்க.

அம்மா மாட்டேன்னுட்டாங்க. ஃபேக்டரி பஸ்ல அந்தப் பெட்டியக் கட்டிப்பிடிச்சுக்கிட்டே வந்து எறங்கினாங்க. நான் அப்ப வெளக்கமாத்த வச்சு அலமாரிக் கண்ணாடி முன்னாடி வாசிச்சுக்கிட்டு இருந்த ஆளு. அம்மா அதைப் பாத்திருக்காங்க. ஒரு வார்த்தை கேட்டதில்ல.

அதனால சம்பலக் குடுக்கறது லேசு இல்ல. ஆனா எவ்வளவு வாசிச்சாலும் வீடியோல கேக்கற மாதிரி வரவே மாட்டேங்குது அக்கா. கமெண்ட்ல எல்லாரும் "தலைகீழா பிடிச்சிருக்கான் பாரு"ன்னுதான் போடறாங்க. வாசிச்சத யாரும் சொல்றதில்ல. ஒழுங்கான கிட்டார் இருந்தா ஒழுங்கா வருமோன்னு ஒரு ஆசை.

அம்மாகிட்ட சொன்னேன். "உன் கிட்டாரு, உன் இஷ்டம்"னு சொல்லிட்டு ரசத்துல உப்புப் போட்டாங்க. ஏற்கனவே ஒரு தடவ போட்டிருந்தாங்க.

இப்ப என் கேள்வி. நீங்க இடது கைக்காரவங்கதானே? உங்களுக்கு எதுக்கு வலது கை கிட்டார்?

ரூபன்


பொந்தியான்
9 ஜூலை 2025

ரூபனுக்கு,

ஆம், நான் பிறவியிலேயே இடது கை. எங்கள் வீட்டில் அது லேசான விஷயம் இல்லை. சாப்பிடுவது வலது கையால். கல்லாவில் சில்லறை கொடுப்பது வலது கையால். தெரியாமல் இடது கையை நீட்டினால் இன்றைக்கும் உம்மா, "சோத்துக்கை எங்கம்மா போச்சு?" என்பார். கோபமாக இல்லை, பழக்கமாக. எனக்கும் பழகிவிட்டது. பேனாவும் கிட்டாரும் மட்டும் இடது கைக்கு மிச்சம்.

பிறகு ஏன் மாற்றுகிறேன்? லீவு நாளில் என் சாச்சி மகள் ருமானாவோடும் அவள் தோழிகளோடும் ஜொகூர் பாருவில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போவேன். வாடகைக்கு எடுத்து வாசிக்கிற இடம். மற்ற எல்லாரும் கையை வீசிக்கொண்டு வருவார்கள், அங்கே சுவரில் கிட்டார் இருக்கிறது. நான் மட்டும் பொந்தியானிலிருந்து பஸ்ஸில் சுமந்துகொண்டு போக வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. வாசித்து முடித்த பிறகு வட்டமாக உட்கார்ந்து பேசுவோம். ஒரு கிட்டார் கைமாறிக் கைமாறி வரும். ஆளுக்குக் கொஞ்சம் வாசிப்பார்கள். என்னிடம் வந்ததும் நான் வாங்கி அடுத்தவளிடம் கொடுத்துவிடுவேன், தட்டைக் கடத்துவது போல.

அப்படிக் கடத்திக் கடத்தி அலுத்துவிட்டது. எல்லாவற்றுக்கும் வலது கையைப் பழக்கியாயிற்று, இதற்கும் பழக்கிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

உங்கள் வீடியோவைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. "நாசி லெமாக்" நன்றாக ஒலிக்கிறது, அது வேறு எங்கும் நான் கேட்காத ஒலி.

ஆனால் ஒன்று கண்ணில் பட்டது. ஆரம்பத்தில் தேத்தண்ணீர் குடிக்கிறீர்கள், வலது கை. பாட்டின் பெயரை அட்டையில் எழுதிக் காட்டுகிறீர்கள், வலது கை. நடுவில் பூனை வந்ததும் செருப்பை எறிகிறீர்கள், அதுவும் வலது கை. குறியும் தப்பவில்லை.

ரூபன், கேட்பதற்கு மன்னிக்கவும். நீங்கள் உண்மையிலேயே இடது கைக்காரர்தானா?

ஃபரீஹா


கெலாங் பாத்தா
9 ஜூலை 2025

அக்கா,

உங்க மெயில வேர்ஹவுஸ்ல ரெஸ்ட் டைம்ல படிச்சேன். அதுக்கப்புறம் எந்தப் பெட்டிய எங்க அடுக்கினேன்னு தெரியல. சூப்பர்வைசர் ரெண்டு தடவ பேரச் சொல்லிக் கத்தினாரு.

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட கேட்டேன். "நான் சின்னதுல எந்தக் கைம்மா?" அம்மா, "வலதுதான். ஏன்டா, உனக்கே தெரியாதா?"ன்னாங்க.

அப்புறம்தான் ஃபோன எதிர்ல சாத்தி வச்சு, நான் மொதல் மொதல்ல பாத்த பழைய வீடியோவப் போட்டேன். அந்த ஆளு எனக்கு எதிர்ல உக்காந்திருக்காரு. கிட்டார் கழுத்து அவருக்கு இடது பக்கம், எனக்குப் பாக்கறதுக்கு வலது பக்கம். நான் கண்ணாடியப் பாக்கற மாதிரி அப்படியே பிடிச்சிருக்கேன். வெளக்கமாத்தக் கண்ணாடியப் பாத்து வாசிச்ச பழக்கம். கழுத்து வலது பக்கம்னா வலது பக்கம். பதிமூணு வயசுல பக்கத்துல உக்காந்து சொல்ல ஆள் இல்ல. அப்புறம் யாரோ கமெண்ட்ல "நீ லெஃப்டியா?"ன்னு கேட்டாங்க. ஆமா போலன்னு நெனச்சுக்கிட்டேன். அவ்வளவுதான் அக்கா. நான் லெஃப்டியே இல்ல. ஒரு கமெண்ட்டு என்னை லெஃப்டி ஆக்கிடுச்சு.

ஏழு வருஷம்.

இப்ப சம்பல முதல் தடவையா நேராப் பிடிச்சுப் பாத்தேன். குமிழ் கீழ போயிடுச்சு, முழங்கை எதுலயும் இடிக்கல. கிட்டார் அதுபாட்டுக்கு மடில உக்காந்துச்சு. அதான் கடுப்பா இருக்கு.

கொஞ்ச நாள் எழுத மாட்டேன். உங்க மேல கோவம் இல்ல. கொஞ்சம் இருக்கு.

ரூபேந்திரன்


பொந்தியான்
27 ஜூலை 2025

ரூபனுக்கு,

நீங்கள் எழுதமாட்டேன் என்றீர்கள், அதனால் நானும் எழுதவில்லை. சொன்னதில் தப்பில்லை, சொன்ன விதம் விளையாட்டாகப் போய்விட்டது. செருப்பு, பூனை என்றெல்லாம் எழுதியிருக்க வேண்டாம்.

இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. ஜொகூர் பாருவிலிருந்து கமலநாதன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் மகள் இடது கை. பதிலுக்குப் புதிதாக ஒரு வலது கை கிட்டார் தருவதாகச் சொல்கிறார். நீங்கள் முதலில் கேட்டவர், அதனால் உங்களிடம் கேட்காமல் பதில் சொல்லமாட்டேன்.

ஒரு கணக்கு எனக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. நாம் இருவரும் மாற்றிக்கொண்டால், வலது கைக்காரரிடம் இடது கை கிட்டார் போகும். இடது கைக்காரியிடம் வலது கை கிட்டார் வரும். வாப்பாவிடம் சொன்னேன். அவர், "ரெண்டு ரொட்டியும் தப்பான வீட்டுக்குப் போவுதே" என்றார்.

ஃபரீஹா


கெலாங் பாத்தா
29 ஜூலை 2025

ஃபரீஹா அக்கா,

உங்க வாப்பாவ எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

இத்தன நாளும் சம்பல நேராப் பிடிச்சுப் பழகிப் பாத்தேன். சொல்லவே வெக்கம். வலது கையால எழுதறேன், பந்து போடறேன், செருப்பு எறியறேன், கம்பிய மட்டும் அதுக்குத் தட்டத் தெரியல. இடது கை விரல் கழுத்துல நீச்சல் தெரியாத ஆளு மாதிரி தவிக்குது. ஜெயபாலன்னு என் கூட்டாளி, டிரம்ஸ் வாசிக்கறவன், பாத்துட்டு "டேய், உனக்கு ஸ்ட்ரோக்கா?"ன்னு கேட்டான். கேட்டுட்டு பயந்துட்டான், நிஜமாவே இருக்குமோன்னு.

ஆக, நேராப் பிடிச்சா பூஜ்யம். உங்க கிட்டார எடுத்தாலும் கம்பி வரிசை வேற, அதுலயும் கிட்டத்தட்ட பூஜ்யம்னு இப்பப் புரியுது. ஆனா அங்க கையாவது பழகின கை. அதுவும் ஏழு வருஷம் தப்பா வாசிச்ச எனக்கு, தப்பே இல்லாத ஒரு கிட்டார் எப்படி இருக்கும்னு ஒரு தடவயாவது பாக்கணும்.

குரூப்ல எல்லாரும் பண்றாங்களே, ட்ரையல். ரெண்டு வாரம் உங்களோடது என்கிட்ட, சம்பல் உங்ககிட்ட. அப்புறம் முடிவு. எனக்கு வேண்டாம்னா கமலநாதன் அங்கிளுக்குக் குடுங்க, நான் நடுவுல வர மாட்டேன்.

ஞாயித்துக்கிழமை பைக்ல வர்றேன். அம்மாவும் வர்றாங்களாம். எதுக்குன்னு கேட்டேன். "பைக்ல கிட்டார யாரு பிடிச்சுக்கறது?"ன்னாங்க.

ரூபன்


கெலாங் பாத்தா
10 ஆகஸ்ட் 2025

அக்கா,

அன்னிக்குக் கடைல ஒழுங்காப் பேச முடியல, மன்னிச்சுக்கோங்க. நீங்க நெனச்சத விட உயரமா இருந்தீங்க, நான் வாயத் தொறந்தா டீ ஆர்டர் மட்டும்தான் வந்துச்சு. அம்மாவும் உங்க உம்மாவும் பேசின பேச்சுக்கு நம்ம கிட்டார் டீலே கேக்கல. மீன் கறிக்கு என்ன போடறாங்கன்னு அம்மா இன்னும் சொல்லிக்கிட்டு இருக்காங்க. உங்க வாப்பா முழங்கால் வலியோட எந்திரிச்சு தே தாரிக் டீய உயரத் தூக்கி இழுத்து ஆத்தினாரே, ரெண்டு கையும் மாறி மாறி! இவரு எந்தக் கைக்காரருன்னு கடைசி வரைக்கும் கண்டுபிடிக்க முடியல.

போகும்போது அம்மா சம்பலப் பெட்டியோட நெஞ்சுல சாத்தி, ரெண்டு கையாலயும் கட்டிக்கிட்டு வந்தாங்க. அதே ஃபேக்டரி பஸ்ஸுல வந்த மாதிரி. திரும்பும்போது உங்க கிட்டார முதுகுல மாட்டிக்கிட்டாங்க. "இது கனம் கம்மிடா"ன்னாங்க. பெக்கான் நெனாஸ்ல அன்னாசிக்கடைகிட்ட மழை பிடிச்சுக்கிச்சு. ஒதுங்கி நின்னோம். அம்மா உங்க கிட்டார அன்னாசிக் குவியல் பக்கத்துல பத்திரமா சாத்தி வச்சுட்டு, கைய எங்க வைக்கறதுன்னு தெரியாம நின்னாங்க. அப்புறம் ஒரு பழம் வாங்கினாங்க.

உங்க கிட்டார் ரொம்ப அழகு அக்கா. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாக் கேக்குது. வீடியோல காட்டறத மாத்தாம அப்படியே பண்ண முடியுது. இப்ப நாலு கோர்டு வருது. மெதுவா, ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்குப் போறதுக்குள்ள ஒரு பஸ் போயிடும். ஆனா வருது. நெஜமான வீடியோ சத்தம்.

முடிவு இன்னும் எடுக்கல. இது நல்லா இருக்கு, அதான் பிரச்சனை.

சம்பல் எப்படி இருக்கு? சாதத்துக்குத் தொட்டுக்கலையே?

ரூபன்


பொந்தியான்
13 ஆகஸ்ட் 2025

ரூபனுக்கு,

சம்பல் நலம். எழுதுவதற்கு நிறைய இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதல் வாரம் வலது கையால் பழகினேன். மத்தியானக் கூட்டம் முடிந்து சாயங்காலக் கூட்டம் தொடங்கும் முன் கடை மாடியில் உட்காருவேன். உங்கள் கூட்டாளி உங்களிடம் கேட்டதை உம்மா வேறு மாதிரி கேட்டார்: "யாரையாச்சும் அடிக்கிறியா மேல?" ஒரு நாள் எரிச்சலில் கிட்டாரைப் புரட்டிக் கீழே வைக்கப் போனேன். புரட்டியபோது என் இடது கை தானாகக் கம்பி மேல் போய் உட்கார்ந்தது. சம்பல் தலைகீழாக என் மடியில். உங்கள் மடியில் இருப்பது போலவே.

வைக்க வந்தவள் வைக்கவில்லை. உங்கள் வீடியோவைப் போட்டேன். "நாசி லெமாக்" எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். விரல்களைக் குவித்தேன். அடித்தேன்.

ஒலித்தது, ரூபன்.

என்ன ஆயிற்று என்று புரிகிறதா? நான் இடது கைக்காரி. என் கையில் சாதாரண வலது கை கிட்டார், கம்பி மாற்றாமல். வாசிக்கிறேன். உலகத்தில் எந்தச் சுவரில் எந்தக் கிட்டார் தொங்கினாலும் எடுத்து வாசிக்கலாம், உங்கள் பிடிகள் தெரிந்தால். வலது கையைப் பழக்கவே வேண்டியதில்லை. நீங்கள் ஏழு வருடம் தப்பாக வாசித்தது எனக்கு நூற்றுக்கு நூறு சரியாக இருக்கிறது.

இது வரை எட்டுப் பிடிகள் கற்றேன். "செகண்ட் லிங்க்" மட்டும் எட்டவில்லை. எனக்குப் பாலம் கொஞ்சம் நீளம்.

மறைக்காமல் சொல்கிறேன். சம்பல் எனக்குப் பிடித்துவிட்டது. டேப் ஒட்டிய குமிழ், பூனைக் கீறல், எல்லாம். நீங்கள் மாற்றிக்கொள்ளலாம் என்றால் உடனே சரி என்பேன், சந்தோஷமாக. ஆனால் உங்கள் அம்மா அதைக் கடை மேசையில் வைத்த விதத்தையும் பார்த்தேன். பெட்டியின் கைப்பிடி யார் பக்கம் இருக்க வேண்டும் என்று அவர் இரண்டு முறை திருப்பித் திருப்பி வைத்தார். கடைசியில் தன் பக்கம்தான் இருந்தது.

முடிவு உங்களுடையது. நான் எதுவும் சொல்லமாட்டேன். சொல்லிவிட்டேன்தான், இருந்தாலும்.

ஃபரீஹா


கெலாங் பாத்தா
14 ஆகஸ்ட் 2025

ஃபரீஹா அக்கா,

உங்க மெயில நாலு தடவ படிச்சேன். அப்புறம் ஜெயபாலனுக்குச் சத்தமாப் படிச்சுக் காட்டினேன். அவன் "அப்ப நீ வாத்தியாரா?"ன்னு கேட்டுட்டு விழுந்து விழுந்து சிரிச்சான். நாசி லெமாக்க உங்க கைல கேக்கணும் அக்கா. நான் கண்டுபிடிச்சத இன்னொருத்தர் வாசிச்சு நான் கேட்டதே இல்ல.

இப்ப முடிவு. நேத்தே எடுத்தாச்சு. உங்க மெயில் வர்றதுக்கு முன்னாடி. அதான் இப்ப எழுத கஷ்டமா இருக்கு.

நேத்து அம்மா வேலை முடிஞ்சு வந்தாங்க. நான் ரூம்ல உங்க கிட்டார்ல அந்த நாலு கோர்ட வாசிச்சுக்கிட்டு இருந்தேன், கதவு சாத்தி. அம்மா சமையக்கட்டுல இருந்து கேக்கறாங்க: "பக்கத்து வீட்டுல யாருடா புதுசா கிட்டார் கத்துக்கறாங்க?"

நான்தாம்மான்னேன். அம்மா கதவத் தொறந்து என்னையும் கிட்டாரையும் பாத்தாங்க. "ஓ"ன்னாங்க. சாத்திட்டுப் போயிட்டாங்க.

அம்மாவுக்கு கோர்டு தெரியாது, கம்பி தெரியாது. ஆனா ஏழு வருஷமா வீட்டுக்குள்ள நுழையும்போதே நான்தான் வாசிக்கறேன்னு அவங்களுக்குத் தெரியும். நேத்து தெரியல.

நான் வெளிய வந்து கேட்டேன். "அன்னிக்கு அங்கம்மா ஆன்ட்டிகிட்ட மாத்திக்காம வந்ததுக்கு வருத்தப்பட்டிருக்கியாம்மா?"

"படாம? அன்னிக்கே பட்டேன். வந்து பாத்தா ஒரு பக்கெட் துணி ஊறிக்கிட்டு கெடக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் நீ வாசிக்க ஆரம்பிச்ச. இன்னும் அதிகமாப் பட்டேன்."

"அம்மா!"

"நெஜமாத்தான்டா. தகரத்த இழுக்கற மாதிரி இருக்கும். அதுக்கப்புறம் ஒரு நாளு தொவைச்சுக்கிட்டே இருந்தேன், நீ நிறுத்திட்ட. ஏன் நிறுத்தினான்னு எந்திரிச்சு வந்து பாத்தேன். அப்பத்தான் தெரிஞ்சுது, நான் கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன்னு."

அக்கா, எனக்குச் சம்பல் வேணும். தலைகீழாத்தான் வாசிக்கப் போறேன். தெரியாம அப்படி வாசிச்சது போதும், இனிமே தெரிஞ்சே வாசிக்கறேன்.

நீங்க ஆசையா எழுதினதப் படிச்சுட்டு, குடுத்துடலாமான்னு ஒரு நிமிஷம் நெனச்சேன். பொய் சொல்லக் கூடாது, ஒரு நிமிஷம் கூட நெனைக்கல. ரொம்ப சாரி. ஆனா எல்லாப் பிடியும் வீடியோ எடுத்து அனுப்பறேன், மெதுவா, பேரு சொல்லிச் சொல்லி. செகண்ட் லிங்க்குக்கு உங்க கைக்கு ஏத்த மாதிரி ஒரு சின்னப் பாலம் கண்டுபிடிச்சிருக்கேன். இன்னும் பேரு வைக்கல. நீங்க வைங்க.

ஞாயித்துக்கிழமை வர்றோம். அம்மா மீன் கறிக்கு டப்பா எடுத்துக்கிட்டு வர்றாங்களாம், தாப்பாவ் பண்ணி வீட்டுக்குக் கொண்டுபோக. பிளாஸ்டிக்ல கட்டினா ருசி போயிடுமாம்.

ரூபன்


பொந்தியான்
1 செப்டம்பர் 2025

ரூபனுக்கு,

அன்றைக்கு உங்கள் அம்மா வீடு சேர்ந்ததும் உம்மாவுக்கு ஃபோன் செய்துவிட்டார். மழை இல்லை, சம்பல் நனையவில்லை, கறிதான் கொஞ்சம் சிந்தியது என்றார். சிந்தியது சம்பல் பெட்டி மேல்தான் என்று கடைசியில் சேர்த்துச் சொன்னாராம். இனி அது பெயருக்கேற்ற வாசனையோடு இருக்கும்.

கமலநாதன் அவர்களிடம் மாற்றுவதில்லை என்று சொல்லிவிட்டேன். அவர் மகளிடம் பேசச் சொன்னார். பன்னிரண்டு வயது. கடையில் கிடைக்கிற எந்தக் கிட்டாரையும் வாங்கிக்கொள், புரட்டிப் பிடி, உனக்கு ஒருவருடைய வீடியோ அனுப்புகிறேன் என்றேன். "அந்த அண்ணன் லெஃப்டியா?" என்று கேட்டாள். "அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்" என்றேன்.

குரூப்பில் என் பதிவை எடுத்துவிட்டேன். என்னுடையது வீட்டிலேயே இருக்கிறது. எனக்கு அது என்றைக்கும் சுலபம், மாடியில் தனியாக வாசிக்க அதுதான். நீங்கள் தந்த சின்னப் பாலத்துக்குப் பெயர் வைத்துவிட்டேன், "அன்னாசிக்கடை". அங்கே ஒதுங்கி நின்றவருக்காக.

நேற்று ஜொகூர் பாருவுக்குப் போயிருந்தேன். பஸ்ஸில் கையை வீசிக்கொண்டு போனேன். வழியெல்லாம் எதையோ மறந்துவிட்டு வந்தது போலவே இருந்தது. ருமானா, "கிட்டார் எங்கேடி?" என்று கேட்டாள். இன்றைக்கு நான் கேட்க மட்டும்தான் என்றேன். அவர்கள் வாசித்து முடித்ததும் வழக்கம் போல வட்டமாக உட்கார்ந்தோம். ஸ்டூடியோ கிட்டார் சுற்றி வந்தது. என் பக்கத்தில் இருந்தவள் என்னைப் பார்க்காமலே எனக்கு அடுத்தவளிடம் நீட்டினாள், பழக்கம். நடுவில் கையை நீட்டி வாங்கினேன். இடது கையைத்தான் நீட்டினேன். புரட்டி மடியில் வைத்தேன்.

ஸ்டூடியோவைப் பார்த்துக்கொள்கிற பையன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். பதறிப்போய் உள்ளே ஓடி வந்தான். "அக்கா, அக்கா, தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க!"

"தெரியும் தம்பி," என்று சொல்லிவிட்டு விரல்களைக் குவித்தேன்.

ஃபரீஹா